பன்னிரண்டாம் ஷீட்

அந்தக் காலண்டரைக் கொஞ்சம் தருகிறீர்களா அம்மா? கிழிக்க மாட்டேன். பைக்குள்ளிருந்து அந்த நகைக்கடைப் பெயர் எட்டிப் பார்த்தது, அதனால்தான் கேட்கிறேன். பஸ் ஏறினதிலிருந்து எனக்குக் கை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இதோ பாருங்கள், புரட்டிப் புரட்டி ஜூலைத் தாளுக்கு வந்துவிட்டோம். ஜூலை ஏழு, செவ்வாய்க்கிழமை. அடுத்த தாள்? ஜூலை ஏழு, செவ்வாய்க்கிழமை. அதற்கடுத்தது? ஜூலை ஒன்பது, வியாழக்கிழமை. எட்டாம் தேதி புதன்கிழமை எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, பிறக்கவே இல்லை. உங்கள் வீட்டுச் சுவரில் இந்த வருஷம் அப்படி ஒரு நாளே கிடையாது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் முதலில் பார்த்தபோது சிரித்தேன். அக்டோபர் மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஒரு கையில் தயிர்சாதம்.

ஆமாம் அம்மா, அச்சாவதற்கு முன்னாலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். அந்தப் புதன்கிழமையைத் தொலைத்தது நான் இல்லை. தொலைகிறது என்று தெரிந்தும் சும்மா இருந்தது நான். இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை. யுனிவர்சிட்டியில் பேச்சுப் போட்டியில் இரண்டு வருஷமும் முதல் பரிசு எனக்குத்தான். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்து நான் ஒரு மணி நேரம் பேசுவேன். நீங்கள் முழுவதும் கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

என் பெயர் முனீஸ்வரி. எம்.எஸ்ஸி. புள்ளியியல். பரீட்சை முடிந்து, பி.எச்டி.க்கு இடம் கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருக்கவேண்டாம் என்று ஜூன் மாதம் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் சேர்ந்தேன். பெயர் சொல்லமாட்டேன். ப்ரூஃப் பார்க்கிற வேலை. தினசரிக் காலண்டரில் முந்நூற்று அறுபத்தைந்து தாள் இருக்கிறதல்லவா, ஒவ்வொன்றாக அடிக்கமாட்டார்கள். பதினாறு பதினாறு நாளாக ஒரு பெரிய ஷீட்டில் போட்டு அடித்து, அப்புறம் வெட்டுவார்கள். மொத்தம் இருபத்து மூன்று ஷீட். இந்த இருபத்து மூன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அச்சுக்குப் போவதற்கு முன்னால் அந்த ஷீட்டுகள் எங்களிடம் வரும். ஜோடி ஜோடியாக உட்காருவோம். பஞ்சாங்கக்காரர் எழுதிக்கொடுத்த காப்பியை ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் ஷீட்டில் விரல் வைத்துக்கொண்டே வரவேண்டும். தேதி, கிழமை, தமிழ்த் தேதி, நட்சத்திரம், திதி, ராகு காலம், எந்தக் கோயிலில் என்ன விசேஷம். ஜனவரி ஒன்றில் காலையில் ஆரம்பித்தால், டிசம்பர் முப்பத்தொன்று வரும்போது சாயங்காலம். நாக்கு தடித்துப் போயிருக்கும், கண்ணில் மணல் கொட்டினது போல இருக்கும்.

என் ஜோடி சீனியம்மாக்கா. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. பத்தாவது வரைதான் படிப்பு. ஆனால் ஆடி மாதம் எத்தனை நாள் என்று பஞ்சாங்கக்காரர் தப்பாக எழுதினால் அவருக்கே போன் போட்டுத் திருத்துகிற ஆள். நல்லவர். எனக்குத் தினமும் கூட்டு வைத்துக்கொண்டு வருவார். நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லமாட்டேன், அவர் செய்த துரோகத்தைத் தவிர.

சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் ஷீட்டில் நவம்பர் மாதத் தாள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

"முனீசு, கார்த்திகை மார்கழி வந்தாலே எனக்குக் கண்ணு கெஞ்சுதுத்தா. கடைக்காரங்கட்டருந்து வார புகார் பூராம் இந்த ரெண்டு மாசத்துலதான் கெடக்கும். ஒரு ஜோடி முன்னாலருந்தும் ஒரு ஜோடி பின்னாலருந்தும் வந்தா என்ன கொறஞ்சு போச்சு? நடுவுல பாத்துக்கிடலாம். நானும் ஆறு வருசமாச் சொல்லுதேன், யாரு கேக்கா?"

இவ்வளவுதான் அவர் சொன்னது. புலம்பல். கால் வலிக்கிறது, வெயில் அடிக்கிறது என்பது மாதிரி. எனக்குத்தான் பொறி தட்டியது. எல்லாத் தப்பும் கடைசி மாதங்களில்தான் இருக்குமென்றால், ஒரு ஜோடி முன்னாலிருந்தும் ஒரு ஜோடி பின்னாலிருந்தும் வந்தால் என்ன?

நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரிகிறது. பொறுங்கள். அக்கா சொன்னது ஒரு வாக்கியம். அதில் தரவு இருக்கிறதா? இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய புகார் ஃபைலைத் தூசி தட்டி எடுத்து, ஏழு வருஷத்துக் கடிதங்களைப் படித்தேன். எண்பத்து நான்கு தப்பு. அதில் ஐம்பத்தொன்று அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். கலரில் வரைபடம் போட்டேன். ஆறு பக்கம். முதல் பக்கம் பிரச்சினை, இரண்டாம் பக்கம் சான்று, மூன்றாம் பக்கம் தீர்வு. நான்காம் பக்கத்தில் எச்சரிக்கை: நடுவில் வருகிற ஷீட்டை இரண்டு ஜோடியும் கட்டாயம் படிக்கவேண்டும், இரண்டு ஜோடியும் கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் அது யாருக்கும் சொந்தமில்லாமல் விடுபடும். இதெல்லாம் அக்கா சொன்னாரா? சொல்லவில்லை. அப்படியானால் யோசனை யாருடையது? சொல்லுங்கள்.

சரி, சொல்லவேண்டாம்.

ஆடிப்பெருக்கு கழிந்த மறுநாள் முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மேஜைக்குப் பக்கத்தில் மேனேஜர் காளிராஜன் நிற்கிறார். சட்டைப்பையில் நாலு பேனா, நாலும் எழுதாது. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு பக்கத்தையும் புரட்டினார். படித்தாரா, படம் பார்த்தாரா, தெரியாது.

"நல்லா எழுதியிருக்கியேம்மா. ஒங்கூட வாசிக்கது யாரு?"

"சீனியம்மா அண்ணாச்சி."

"அது என்ன சொல்லுது?"

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது அண்ணாச்சி. இது புள்ளியியல்."

அண்ணாச்சி தலையாட்டினார். காளிராஜன் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஏம்மா, நம்ம ஆபீசுல மொத ஷீட்டுக்கு நாலு மூலையிலயும் மஞ்சத் தடவி, சாமி படத்து முன்னால வச்சு, எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஜனவரி ஒண்ணை வாசிச்சுட்டுத்தான் வேலையே தொடங்குவோம். நீ என்னடான்னா வருசத்தை வாலப் புடிச்சுத் தூக்கச் சொல்லுத. டிசம்பர் முப்பத்தொண்ணுலருந்து ஆரம்பிக்கதுக்கு இது என்ன கருமாதிப் பத்திரிகையா?"

அண்ணாச்சிக்குச் சகுனம் என்றால் போதும். "பாப்பம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த 'பாப்பம்'க்கு என்ன அர்த்தம் என்று எந்த ஆபீசில் வேலை பார்த்தவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அன்றைக்கே விட்டிருப்பேன் அம்மா. மூட நம்பிக்கையோடு எவ்வளவுதான் மோதுவது? ஆனால் செப்டம்பர் முதல் வாரத்தில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஸ்வீட் பெட்டி. பொன்னாடை. அண்ணாச்சி எழுந்து நின்று சொல்கிறார்: நம் மேனேஜர் காளிராஜன் ராப்பகலாக யோசித்து ஒரு புது முறை கண்டுபிடித்திருக்கிறார். முதல் ஷீட்டை எல்லோரும் சேர்ந்து முழுசாக வாசித்துவிடுவது, சாமிக்கும் வருஷத்துக்கும் மரியாதை செய்தாயிற்று. அப்புறம் ஒரு ஜோடி முன்னாலிருந்தும் ஒரு ஜோடி பின்னாலிருந்தும் வாசிப்பது. மிச்சம் இருபத்திரண்டு ஷீட், ஆளுக்குப் பதினொன்று. இனிமேல் இதற்கு 'காளிராஜன் முறை' என்று பெயர்!

கைதட்டுகிறார்கள். எனக்குக் காதில் ரத்தம் வந்தது. மஞ்சளைத் தவிர அதில் அவருடையது என்ன இருக்கிறது? அங்கேயே கேட்டேன். எல்லோர் முன்னாலும்.

"சார், இது நான் ஆகஸ்ட்ல எழுதிக் குடுத்தது. ஆறு பக்கம். தேதியோட கையெழுத்துப் போட்டிருக்கேன்."

காளிராஜன் பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டே, "ஒன்னுதா? ஏத்தா, பின்னாலருந்து வாசிக்கணும்னு சீனியம்மா ஆறு வருசமா இந்த ரூமுல பொலம்பிக்கிட்டுக் கெடக்கா. அதைக் கேட்டு நீ கலர் பேப்பர்ல எழுதுன. நான் நடத்திக் காட்டுனேன். நடத்திக் காட்டுனவனுக்குத்தான் பொன்னாட" என்றார்.

எப்பேர்ப்பட்ட அயோக்கியத்தனம் பாருங்கள். இன்னொருத்தியின் உழைப்பை எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டு, அது பொதுவாக எல்லோரும் சொன்னதுதான் என்று வாய் கூசாமல் சொல்கிற மனுஷன்! திருட்டிலேயே இதுதான் அம்மா கேவலமான திருட்டு. பொருளைத் திருடினால் போலீஸுக்குப் போகலாம். யோசனையைத் திருடினால் எங்கே போவது?

நான் சீனியம்மாக்காவைப் பார்த்தேன். "அக்கா, நீங்க சொல்லுங்க. இது யார் எழுதுனது? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?" என்று கேட்டேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஸ்வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், "எழுதுனது நீதான் முனீசு" என்றார். எழுதியது! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காளிராஜன், "பாத்தியா, எழுதுனதுதான் நீ" என்று சிரிக்க, அத்தனை பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவர், பேசவேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்தால் அதற்குப் பெயர் என்ன? நான் துரோகம் என்கிறேன். மௌனமாக இருப்பதும் ஒரு செயல்தான் அம்மா. அதுவும் குற்றம்தான். இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

அன்று மத்தியானம் அவர் கொண்டுவந்த கூட்டை நான் தொடவில்லை.

புது முறையின் முதல் நாளே நான் கவனித்துவிட்டேன். நான்காம் பக்கத்தைக் காளிராஜன் விட்டுவிட்டார். "ஒரே ஷீட்டை ரெண்டு ஜோடி வாசிக்க இது என்ன கல்யாணப் பத்திரிகையா?" என்றாராம். சரி. இப்போது கணக்குப் போடுங்கள். முதல் ஷீட்டை எல்லோரும் நின்றுகொண்டு வாசிப்போம். வாசித்து முடித்ததும், மஞ்சள் தடவின அந்த ஷீட்டை, முன்னாலிருந்து வாசிக்கிற எங்கள் கட்டின் மேலேயே வைப்பார்கள், பழக்கம். அக்கா கையெழுத்துப் போடும்போது அதையும் சேர்த்துத்தான் எண்ணுவார், அதுவும் பழக்கம். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எங்களுடையது. எதிர் ஜோடி இருபத்து மூன்றிலிருந்து கீழே வந்து, பதினொன்று எண்ணி, பதின்மூன்றில் நிறுத்துவார்கள். பன்னிரண்டு?

பன்னிரண்டாம் ஷீட் யாருக்கும் இல்லை. மேஜை நடுவில் கிடக்கும். ஜூன் இருபத்தாறிலிருந்து ஜூலை பதினொன்று வரை. எங்களுக்கு அது அவர்களுடையது, அவர்களுக்கு அது எங்களுடையது. சாயங்காலம் கட்டோடு கட்டாக அச்சுக்குப் போய்விடும்.

எழுந்து சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவேண்டும்? அது என்னுடைய முறையா? காளிராஜன் முறை. அவர் பெயர் போட்ட முறை அவர் பெயரோடேயே குப்புற விழட்டும் என்று காத்திருந்தேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கை கழுவப் போனதும் பன்னிரண்டாம் ஷீட்டை எடுத்து நான் மட்டும் படிப்பேன். தப்பு இருக்கிறதா? இருக்காது. முதல் ஜாப், அதாவது முதல் ஆர்டர், சுத்தம். இரண்டாவது, சுத்தம். ஒன்பது ஜாப், ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. நான் எவ்வளவு ஏமாந்தேன் தெரியுமா? தப்பே இல்லையென்று வருத்தப்பட்ட ஒரே ப்ரூஃப் ரீடர் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

நடுவில் ஒருநாள் அக்காவே கேட்டுவிட்டார். ஷீட்டுகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தவர், "ஏ முனீசு, நடுவுல ஒண்ணு விடுபடுத மாதிரி இல்ல?" என்றார்.

"ஆளுக்குப் பதினொண்ணுக்கா. பதினொண்ணும் பதினொண்ணும் இருவத்திரெண்டு, மஞ்ச ஷீட்டு ஒண்ணு. இருவத்திமூணு. சரியாத்தானே இருக்கு?" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? கூட்டிப் பாருங்கள். சரியாகத்தான் வரும்.

அக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம், "நீ கணக்குப் படிச்சவ. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று கட்டை அடுக்கினார்.

அப்புறம் வந்தது உங்கள் நகைக்கடை. அவர்கள் கடைக்கு இந்த ஜூலை எட்டாம் தேதி இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. அந்த ஒரு தாளுக்காகத்தான் பத்தாயிரம் காலண்டருக்கே ஆர்டர். எட்டாம் தேதித் தாளில் மட்டும் சிவப்பும் பொன்னிறமுமாக வெள்ளிவிழா அழைப்பு வரவேண்டும். அந்தப் படம் அவர்களிடமிருந்து வர நாலு நாள் தாமதம். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவர், இடம் காலியாக இருக்கவேண்டாம் என்று ஏழாம் தேதியையே இன்னொரு தடவை போட்டு வைத்திருக்கிறார். படம் வந்தது, மாற்ற மறந்துவிட்டார்.

தயிர்சாதம் தின்றுகொண்டே பார்த்தேன். செவ்வாய், செவ்வாய், வியாழன். அம்மா, எனக்கு ராங்க் வந்தபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. கையைத் துடைத்துவிட்டு, ஷீட்டை இருந்தபடியே வைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரு கோடு போடவில்லை, ஒரு எழுத்தை அழிக்கவில்லை. எனக்குக் கொடுத்தது பதினோரு ஷீட். பதினொன்றையும் அப்பழுக்கில்லாமல் பார்த்தேன்.

டிசம்பரில் நகைக்கடை முதலாளியே வந்தார். வண்டியிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அண்ணாச்சி மேஜையில் காலண்டரைப் போட்டார்.

"வேய், என் வெள்ளிவிழாவத் தின்னுட்டீரேவேய்! பாதிக்கு மேல குடுத்து முடிச்சாச்சு. வாரவன் போறவன்லாம் 'மொதலாளி, அன்னிக்குக் கடை லீவா?'ன்னு கேக்கான். நான் என்ன பதில் சொல்ல?"

அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார்கள். கையெழுத்து நோட்டு வந்தது. பன்னிரண்டாம் ஷீட்டுக்கு நேராக வெறும் கட்டம். காளிராஜன் பாம்பு மாதிரி நெளிந்தார். "மொத ஷீட்டு எல்லாரும் வாசிச்சது அண்ணாச்சி, அது கணக்குல சேராது. ரெண்டுலருந்து பன்னெண்டு வரைக்கும் முன் ஜோடி. சீனியம்மாதான் அதுல சீனியர்" என்றார். எனக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது, தற்காலிகம் இல்லையா.

அக்கா கையெழுத்து நோட்டைப் பார்த்தார். "நான் எண்ணிப் பாத்தேன் மொதலாளி… சந்தேகப்பட்டுக் கேக்கக்கூடச் செஞ்சேன்…" என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

அந்த நேரத்தில்தான் நான் பேசினேன். நாலு மாதமாகப் பைக்குள்ளேயே வைத்திருந்த நான்காம் பக்கத்தின் நகலை எடுத்து அண்ணாச்சி முன்னால் விரித்தேன். "படிங்க அண்ணாச்சி. நடு ஷீட்டு விடுபடும்னு ஆகஸ்ட்லயே எழுதியிருக்கேன். என் யோசனையைத் திருடுனவர் இந்தப் பக்கத்தைத் திருட மறந்துட்டார். அவருக்குப் புரிஞ்சிருந்தாத்தானே எடுக்கிறதுக்கு?" நீங்கள் கேட்டிருக்கவேண்டும் அம்மா. ஒரு சொல் தடுமாறவில்லை. நகைக்கடைக்காரரே வாயைப் பிளந்துகொண்டு நின்றார். காளிராஜன் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணாச்சி பேப்பரைப் படித்தார். இந்தத் தடவை உண்மையாகவே படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அப்போ, விடுபடும்னு ஒனக்கு மொதல்லயே தெரியும்?"

"தெரியும் அண்ணாச்சி."

"ம்" என்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. மரியாதைதான் என்று நினைக்கிறேன்.

காளிராஜனைப் பேக்கிங் பக்கம் தள்ளினார்கள். இப்போது அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார். நான் வேண்டுமென்றே அந்த வழியாகத்தான் தண்ணீர் குடிக்கப் போவேன். எங்கள் பகுதியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பி.எச்டி. இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

சீனியம்மாக்காவா? அவரை நிறுத்திவிட்டார்கள். முன் ஜோடிக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அவரல்லவா. "கண்ணு போச்சு, வீட்ல இருக்கட்டும்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். நான் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எதை? அக்கா என்னிடம் கேட்டதையா? சொல்லியிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும். வாதத்தில் ஒரு நேரத்தில் ஒரு குற்றவாளிதான் அம்மா இருக்கவேண்டும். இரண்டு பேரைக் காட்டினால் நடுவர் குழம்பிவிடுவார், உண்மையான திருடன் தப்பித்துவிடுவான். அதுவுமில்லாமல் செப்டம்பரில் எனக்காக அவர் வாயைத் திறந்தாரா? இல்லை. அவர் பேசாமல் இருந்தார், நானும் பேசாமல் இருந்தேன். சரிக்குச் சரி.

இப்போது என்ன செய்கிறாரா? தெரியவில்லை. போய்த்தான் கேட்கவேண்டும்.

ஆமாம், அங்கேதான் போகிறேன். வெம்பக்கோட்டைக்கு முந்தின நிறுத்தம். சொந்த விஷயமாக இல்லை, ஆபீஸ் விஷயமாக. அடுத்த மாதம் அச்சக உரிமையாளர்கள் மாநாடு. மலர் ஒன்று போடுகிறார்கள். அதில் எங்கள் முறையைப் பற்றி இரண்டு பக்கம், கண்டுபிடித்தவர் பெயர், போட்டோவோடு. நான்காம் பக்கத்தையும் சேர்த்து, முழுசாக. என் பெயர்தான் வரவேண்டும், இல்லையா? ஆனால் அந்தக் காளிராஜன் சும்மா இருப்பாரா? அண்ணாச்சியிடம் போய், "எம்பேரும் வேண்டாம், அவ பேரும் வேண்டாம். இது சீனியம்மா சொன்னது, ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்" என்று ஓதிவிட்டார். பழிவாங்குகிறாராம்! ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வன்மம் ஆகுமா?

அண்ணாச்சியும், "சீனியம்மாகிட்ட எழுதி வாங்கிட்டு வாம்மா, ஒம்பேரைப் போட்டுருவோம்" என்கிறார்.

எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். டைப் செய்து, இதோ பாருங்கள், அரைப் பக்கம். 'இந்த யோசனையை நான் எப்போதும் யாரிடமும் கூறியதில்லை. இது முழுக்க முழுக்க முனீஸ்வரி அவர்களுடையது என இதன் மூலம் உறுதி அளிக்கிறேன்.' அக்கா கையெழுத்துப் போட்டால் போதும். அல்வா வாங்கியிருக்கிறேன், அவருக்குப் பிடிக்கும். போட்டால், மறுபடி வேலைக்குக் கூப்பிடச் சொல்லி அண்ணாச்சியிடம் பேசிப் பார்ப்பேன். அதை முன்னாலேயே சொல்லமாட்டேன், சொன்னால் லஞ்சம் மாதிரி ஆகிவிடும். பின்னால் சொல்வதா என்றும் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரே ஒரு கவலைதான். அக்கா எதையும் வாசிக்காமல் விடமாட்டார். மருந்துச் சீட்டானாலும் பஸ் டிக்கெட்டானாலும் விரலை வைத்து, எழுத்தெழுத்தாக. 'எப்போதும் யாரிடமும்' என்ற இடத்தில் அந்த விரல் நின்றுவிடும், எனக்குத் தெரியும். நின்றால் என்னை நிமிர்ந்து பார்ப்பார்.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். கையில் கொடுக்கமாட்டேன். திண்ணையிலோ முழங்காலிலோ நானே பிடித்துக்கொண்டு, கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் காட்டி, "சும்மா ஆபீஸ் பேப்பர்தாங்க்கா. நான் படிச்சுப் பாத்துட்டேன்" என்று சொல்லப்போகிறேன்.

போட்டுவிடுவார் அம்மா. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவர் அவர்.